நாய்க்கான மருந்தை என் பூனையின் கழுத்தில் ஊற்றினார்கள்

பூனையும் நாயும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குரூமிங் கடைக்குக் கூட்டிப்போகும் பழக்கம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்தது எதையும் மறைக்கவில்லை.

எங்கள் பூனை பஞ்சுவுக்கு மூன்று வயது. எடை மூன்றரை கிலோ. நாய் மணி, ஸ்பிட்ஸ் கலப்பு, பன்னிரண்டு கிலோ. போன மழைக்காலத்தில் மணியின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி ஏறி, தினமும் ராத்திரி டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெப்பமும் ஈரமும் சேரும்போது உண்ணியும் தெள்ளும் எப்படிப் பெருகும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் இந்த வருடம் மழைக்கு முன்பே தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். நினைத்தது சரிதான். போன இடம்தான் தப்பாகிவிட்டது.

அந்தக் கடையில் ‘மழைக்காலப் பாதுகாப்பு பேக்கேஜ்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். குளியல், முடி வெட்டுதல், நகம், காது சுத்தம், கடைசியில் உண்ணி மருந்து. நாய், பூனை இரண்டுக்கும் ஒரே பேக்கேஜ். பணத்தை முன்னாலேயே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். உள்ளே யாரையும் விடுவதில்லை, கண்ணாடிக் கதவிலும் திரை. மூன்று மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டையும் கொண்டுவந்து கொடுத்த பையன், “முடிஞ்சதுக்கா. ரெண்டு பேருக்கும் கழுத்துல மருந்து போட்டாச்சு, ஒரு மாசத்துக்கு உண்ணி கிட்டயே வராது” என்றான்.

“என்ன மருந்து தம்பி?”

“எல்லாருக்கும் போடுறதுதான்க்கா. நல்ல மருந்து.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த இடத்தில் ‘பெட்டியைக் காட்டு’ என்று கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

சாயங்காலம் பஞ்சு அலமாரிக்கு மேலே ஏறவில்லை. அது வழக்கமாகப் படுக்கும் இடம் அது. கீழேயே உட்கார்ந்து காதைச் சுண்டிச் சுண்டி அடித்துக்கொண்டிருந்தது. குளித்ததில் காதுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரை மிதித்துவிட்ட மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி உதற ஆரம்பித்தது. முதுகைத் தடவினால் தோல் அலை அலையாகத் துடித்தது. பின்கழுத்தில் முடி நான்கைந்து கற்றையாக எண்ணெய் பிசுக்கோடு ஒட்டிக்கிடந்தது. மோந்து பார்த்தால் மூக்கை அரிக்கிற மருந்து நெடி. எட்டு மணிக்கெல்லாம் வாயில் எச்சில் ஒழுக, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்துத் தூக்கினால் நடுக்கம் என் கைக்குள் வந்து இறங்குகிறது. அதை இப்போது எழுதும்போதும் கை நினைவு வைத்திருக்கிறது.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்தும்மா போட்டாங்க? பெட்டில என்ன பேர் இருந்தது?” என்னிடம் பதில் இல்லை.

கடைக்கு மூன்று முறை அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தவர் முதலில் “பூனை பயந்திருக்கும் மேடம், நாளைக்குச் சரியாயிடும்” என்றார். நான் குரலை உயர்த்திய பிறகுதான் வந்தது: “நாய்க்குப் போடுற ஸ்பாட்-ஆன்தான் மேடம், பெர்மெத்ரின் இருக்கறது. பூனைக்குன்னு கம்மியாத்தான், அரை மில்லிதான் போட்டோம்.”

இதைச் சொன்னதும் டாக்டர் குரலே மாறிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கொஞ்சமாக விட்டு கழுத்துப் பகுதியை நன்றாகக் கழுவி, துவட்டி, துணியில் சுற்றி உடனே கொண்டுவரச் சொன்னார். சாதாரண ஷாம்பூ அந்த மருந்தை முழுசாக எடுக்காதாம். சுடுதண்ணீர் கூடாது, தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இழுக்கும். குளிர்ந்த தண்ணீரும் கூடாது, உடம்பு சில்லிட்டால் நடுக்கம் அதிகமாகும். வலிப்பு வந்துகொண்டிருந்தால் கழுவுவதற்கு நிற்காமல் அப்படியே தூக்கி வரச் சொன்னார். வாந்தி எடுக்க வைக்க எதையும் கொடுக்கக் கூடாது, நக்க விடக் கூடாது என்றும் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது.

பெர்மெத்ரின் என்பது உண்ணி, தெள்ளைக் கொல்லும் மருந்து. அது நாய்க்கு ஒத்துக்கொள்ளும். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடும் என்பதற்கும் இதே குறைதான் காரணம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அந்தச் செறிவில் ஒரு மில்லி போதும், நாலரை கிலோ பூனையின் உயிருக்கே ஆபத்து. ‘கம்மியாத்தான் போட்டோம்’ என்பதற்கு இங்கே அர்த்தமே கிடையாது. இதற்கு விஷமுறிவு மருந்தும் இல்லை. நடுக்கத்தை அடக்க மெத்தோகார்பமால், வலிப்புக்கு ஊசி, ரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புத் திரவம், டிரிப்ஸ் என்று உடம்பு தானாக மருந்தைக் கழிக்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். பஞ்சு இரண்டு ராத்திரி கிளினிக்கில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கூண்டுக் கம்பிக்குள் என் விரலை நக்கியது. சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். ‘தூங்கட்டும், காலையில் பார்ப்போம்’ என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். பூனைக்கே போடாமல் நாய்க்கு மட்டும் போட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் ஆபத்துதான். மணியும் பஞ்சுவும் ஒட்டிப் படுப்பவை, ஒன்றையொன்று நக்குபவை. பூனை இருக்கிற வீட்டு நாய்க்கு பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போனேன். திரை விலகியிருந்த ஒரு நிமிடத்தில் உள்ளே மேசையைப் பார்த்தேன். தலை வெட்டிய பைபெட் (சொட்டு மருந்து அடைத்து வரும் சின்னக் குழாய்) இரண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று, ஒரு சின்ன மூடியில் மஞ்சளாகக் கொஞ்சம் மருந்து. விஷயம் புரிந்துவிட்டது. பெரிய நாய்க்கான ஒரு பைபெட்டை வாங்கி, சிரிஞ்சில் உறிஞ்சி, அன்றைக்கு வருகிற நாலைந்து பிராணிகளுக்குப் பங்கு போடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் முழு மருந்துக்குக் காசு. எடைவாரியாகத் தனித்தனிப் பெட்டி விற்பதே அளவு மாறக் கூடாது என்பதற்காகத்தான். எடைக்கு வேண்டிய அளவு போகாத நாய்க்குத் தடவியும் பயனில்லை.

மணி விஷயத்தில் அதுதான் நடந்தது. அதுவும் குளிப்பாட்டி, டிரையரில் காய வைத்த கையோடு ஈரம் போகாத தோலில் விட்டிருக்கிறார்கள். இந்தச் சொட்டு மருந்துகள் பலவும் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்துதான் உடம்பு முழுக்கப் பரவும். ஷாம்பூ அந்தப் பசையைக் கழுவிவிடும். அதனால்தான் போடுவதற்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியல் வேண்டாம் என்று பல மருந்துகளின் அட்டையிலேயே போட்டிருக்கும். குளியலும் மருந்தும் ஒரே மணி நேரத்தில் என்று அந்த பேக்கேஜைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் மணியின் விரலிடுக்கில் மறுபடியும் உண்ணி. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணு குறைந்திருந்தது, எர்லிச்சியா என்று வந்தது. 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதில் இதுவும் ஒன்று. பசியின்மை, சோர்வு, காய்ச்சல், சில நேரம் மூக்கில் ரத்தம். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி, உண்ணி தேடுவதையே அந்த மூன்று வாரம் நிறுத்தியிருந்தேன். ஏமாற்றியதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இதுதான்.

மணியின் முடியையும் கேட்காமல் தோல் தெரிய மழித்திருந்தார்கள். “மழையில ஈரம் தங்காதுல்ல மேடம்” என்றார்கள். ஸ்பிட்ஸ் மாதிரி இரண்டடுக்கு முடி உள்ள நாய்க்கு வெளி முடி மழையையும் வெயிலையும் தடுக்கும், உள் முடி குளிரையும் சூட்டையும் தாங்கும். செய்ய வேண்டியது உதிர்ந்த உள் முடியைச் சீப்பால் வாரி எடுப்பது. அதற்கு நேரம் பிடிக்கும், மிஷின் என்றால் பத்து நிமிடம். இப்படி மழித்த இடத்தில் சில நாய்களுக்குப் பல மாதம் முடியே வளராது. மணியின் இடுப்பில் இன்னும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது.

போன அன்று லெப்டோ தடுப்பூசியும் போட்டுவிடலாம் என்று கேட்டார்கள். எலிச் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரால் பரவும் நோய் அது, வருடா வருடம் போட வேண்டிய ஊசிதான். ஆனால் மருந்துக் குப்பி வரவேற்பு மேசையின் இழுப்பறையிலிருந்து வந்தது. தடுப்பூசி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். ஊசி போட்டால் குப்பியில் உள்ள ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, தொகுதி எண்ணும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ரப்பர் ஸ்டாம்ப் போதாது.

இப்போது உண்ணி மருந்து எங்கள் கையால்தான். எடை பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, பெட்டியில் பூனைப் படமா நாய்ப் படமா என்று இரண்டு பேர் பார்த்த பிறகுதான் பிரிப்போம். பின்கழுத்தில் முடியை விலக்கி, தோல் தெரிகிற இடத்தில், நாக்கு எட்டாத உயரத்தில். காலிப் பெட்டியை அடுத்த மாதம்வரை தூக்கிப் போடுவதில்லை. ஏதாவது ஆனால் டாக்டரின் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறோம், சுவர் வெடிப்பு, கட்டில் இடுக்கெல்லாம் பெருக்குகிறோம். தெள்ளின் முட்டையும் புழுவும் பெரும்பாலும் பிராணியின் மேல் இருப்பதில்லை, தரையில்தான். உண்ணியும் சுவரிடுக்கில் போய்த்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மழைநாளில் வெளியே போய் வந்தால் மணியின் விரலிடுக்கையும் காதின் உட்பக்கத்தையும் துடைத்துக் காய வைக்கிறோம். குரூமிங் கடைக்குப் போனாலும் குளியலுக்கு மட்டும்தான். கூட நிற்க விடாத கடைக்குள் நுழைவதில்லை.

கடைக்காரர் பேக்கேஜ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கிளினிக் செலவைப் பற்றிப் பேசவே இல்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பைபெட்டின் படம், டாக்டரின் சான்று எல்லாம் இணைத்திருக்கிறேன்.

அன்று அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாள் பூனை கொண்டுவந்த எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். “பார்க்கிறேன்” என்றார். எங்களுக்கு அடுத்த நாற்காலியில், மூங்கில் கூடையில் சாம்பல் நிறக் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும், அவ்வளவு சின்னக் குட்டி. மணி கூடையை மோந்தபோது சிரித்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் போன் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.