கந்தகமா, ஆக்சிஜனா? மும்மை நிலையைக் கண்ணால் காட்ட எது சரி?

மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் திறக்கும் கேனிலிருந்து வெண்புகை வழிவதை உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்திருப்பார்கள். அதே திரவ நைட்ரஜனில், 77 கெல்வின் குளிரில்தான், மதுரையில் எங்கள் முதுகலை மாணவர்களுக்கு நின்றொளிர்தலை (phosphorescence), அதாவது விளக்கை அணைத்த பிறகும் ஒரு பொருள் ஒளிர்வதைக் காட்டுகிறோம். எந்த மூலக்கூறை எடுப்பது என்று ஆண்டுதோறும் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கும்.

டைபென்சோபியூரானும் டைபென்சோதயோபீனும் ஏறக்குறைய ஒரே அச்சு. நடுவில் ஒன்றுக்கு ஆக்சிஜன், மற்றொன்றுக்குக் கந்தகம். அணு எண் 8 இருந்த இடத்தில் 16 வந்ததும் எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் இறுகப் பிணைகின்றன. ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு, இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக உள்ள ஒற்றை நிலையிலிருந்து (singlet) அது ஒரே திசையில் உள்ள மும்மை நிலைக்குத் (triplet) தாவுவதும், அங்கிருந்து ஒளியாக இறங்குவதும் எளிதாகின்றன. ஆக்சிஜன் உள்ள டைபென்சோபியூரானின் நின்றொளிர்தல் ஆயுள், அதாவது ஒளி மங்கும் கால அளவு, 5 நொடிக்கு மேல். கந்தகம் உள்ள டைபென்சோதயோபீனுக்குச் சுமார் 1.5 நொடிதான். நெடுநேரம் ஒளிர்வதே மாணவர் மனதில் நிற்கும் என்பார் என் சக ஆசிரியர். நியாயமான வாதம். ஆனால் டைபென்சோதயோபீன் உடனொளிர்தலில் (fluorescence, ஒற்றை நிலையிலிருந்தே உடனே ஒளியாக இறங்குவது) இழப்பது மிகக் குறைவு. உறிஞ்சியதில் பெரும்பங்கு மும்மை நிலைக்குப் போய்விடுகிறது. விளக்கை அணைத்த கணத்தில் தெரியும் அந்த ஊதா கலந்த நீலத்துக்காகவே நான் கந்தகத்தின் பக்கம். ஒன்றரை நொடி போதும், அறை மட்டும் நன்றாக இருட்டாக இருக்க வேண்டும்.

தயாந்த்ரீன் என்ற இன்னொரு மூலக்கூறில் இரண்டு கந்தகங்கள், மடிந்த வடிவம். ஆயுள் மில்லிநொடிகளில் முடிந்துவிடும். கருவிக்கு அருமையான பொருள், கண்ணுக்கு உதவாது.

கடைகளில் கிடைக்கும் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் இங்கே பயன்படாது. டைபென்சோதயோபீன் சுமார் 330-க்குக் கீழேதான் உறிஞ்சும். ஆய்வகத்தில் மெல்லடுக்குப் பிரிகைத் தகடு (TLC) பார்க்கும் 254 நானோமீட்டர் விளக்கே போதும். ஆனால் சாதாரணக் கண்ணாடிக் குழாய் அந்த ஒளியை விழுங்கிவிடும். குவார்ட்ஸ் கட்டாயம்.

மூலக்கூறைக் கரைத்து உறைய வைக்கும் கரைப்பானில் எனக்குத் தயக்கமே இல்லை. நூல்கள் சொல்லும் ஈதர், ஐசோபென்டேன், எத்தனால் கலவை (5:5:2) படிகமாகாமல் தெளிவான கண்ணாடி போல உறையும், உண்மைதான். ஆனால் ஐசோபென்டேன் 28 டிகிரியில் கொதிப்பது. சித்திரை மாதத்து மதுரையில் குப்பியைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது, அளந்து கலப்பது எங்கே? 2-மெத்தில்டெட்ராஹைட்ரோபியூரான் ஏறக்குறைய 80 டிகிரி வரை அடங்கி இருக்கும், அதுவும் கண்ணாடியாகவே உறையும். பழைய குப்பியானால், காற்றுபட்டு உருவாகும் வெடிக்கக்கூடிய பெராக்சைடு இருக்கிறதா என்று சோதனை செய்துவிட்டே எடுக்கிறோம்.