லைஃப்லைன் என்று விற்ற கயிறு: உறையை உரித்துப் பார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்

உயர வேலைக்காக 16 மி.மீ. பாலியெஸ்டர் லைஃப்லைன் (விழுந்தால் ஆளைத் தாங்குகிற பாதுகாப்புக் கயிறு) கேட்டதற்கு, விற்பனையாளர் அனுப்பியது சாமான் கட்டுகிற தரத்துக் கயிறு. மேலே பார்த்தால் குறை சொல்ல முடியாது. இறுக்கமாகப் பின்னிய வெள்ளை உறை, சிவப்புக் கோடு, கூடவே ஒரு சான்றிதழ். இதே சரக்கு வேறு தளங்களுக்கும் போயிருக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முனையில் ஒரு சாண் வெட்டி உறையை உரித்தபோது குட்டு உடைந்தது. உள்ளே மெல்லிய இழைகள் இல்லை. நாடா நாடாவாகக் கிழிந்து வருகிற, மொரமொரப்பான தட்டை இழைகள். அந்த உள்கயிற்றை மட்டும் எடுத்து, காற்று போகப் பிழிந்து தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். முழுக் கயிறாகப் போட்டால் பாலியெஸ்டர் உறையின் கனம் இதை மறைத்துவிடும். மூழ்கினால் நல்ல கயிறு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இது பொய்யைப் பிடிக்கிற சோதனை, தரத்தைச் சொல்கிற சோதனை அல்ல. பாலிப்ரொப்பிலீன் கலந்து, முறையாகச் சோதித்து விற்கிற லைஃப்லைன்களும் உண்டு; அவற்றில் அதை வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். பாலியெஸ்டர் என்று சொல்லி இதைக் கொடுப்பது ஏமாற்று. பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டித்தான். விழும்போது ரோப் கிராப் (கயிற்றோடு நகர்ந்து, விழுந்தால் அதைக் கடித்துப் பிடிக்கிற கருவி) உரசுகிற சூடு எங்கே போகும் என்று யோசியுங்கள்.

ஈஎன் 1891 (உயர வேலைக் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரம்) கயிறு என்றால் உள்ளே ஒரு மெல்லிய நாடா ஓடும். தயாரிப்பாளர் பெயர், தர எண், வகை, தயாரித்த ஆண்டு, இழையின் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இந்தக் கயிற்றில் நாடாவே இல்லை. சான்றிதழில் இருந்ததோ 12 மி.மீ. கயிறு, பேட்ச் எண்ணும் கிடையாது. இணைத்திருந்த ஐஎஸ்ஓ 9001 தாள் தொழிற்சாலை நிர்வாகத்துக்கானது. கயிற்றின் பலத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

கயிற்றை மாட்டுகிற வளையமான கண் முனையின் கறுப்பு உறையை விலக்கினால் தையல் இல்லை, ஒரு அலுமினிய கிளாம்ப்தான். 'இரண்டு டன் தாங்கும்' என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். லைஃப்லைனின் உடையும் பலம் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,240 கிலோ விசை, எழுத்தில் கேளுங்கள். முடிச்சுப் போட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்விடலாம். அதனால் திம்பிள் (கயிறு தேயாமல் கண்ணுக்குள் வைக்கிற வளையம்) வைத்துத் தொழிற்சாலையில் தைத்த கண்ணையே வாங்குங்கள்.

தடிமனும் பொய். 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு வெர்னியரில் அளந்தால் 14.5 மி.மீ. 16 மி.மீ.க்கான ரோப் கிராப் இதைக் கடிக்காது, வழுக்கும். கிராப்பும் கயிறும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று கிராப் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது போதாது.

நல்ல கயிறு கிடைத்தாலும் ஒரு கயிற்றுக்கு ஒரு ஆள்தான். ஆங்கர், அதாவது கயிற்றை மேலே மாட்டுகிற பிடிமானம், தலைக்கு நேர் மேலே இருக்கட்டும்; பக்கவாட்டில் இருந்தால் விழுபவர் ஊசலாடிச் சுவரில் மோதுவார். விளிம்பில் கயிறு அறுபடாமல் எட்ஜ் புரொடெக்டர், கீழ்முனையில் கிராப் கழன்றுவிடாமல் ஸ்டாப்பர், கிராப்பில் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி. கிராப்பைப் பூட்டியதும் கீழே வெடுக்கென இழுத்துப் பாருங்கள், கடிக்க வேண்டும்.

பலர் மறப்பது நீட்சியை. ஆங்கருக்குக் கீழே 30 மீட்டரில் வேலை செய்பவர் விழுந்தால், 5 சதவீத நீட்சிக்கே 1.5 மீட்டர் கூடுதலாக இறங்குவார். கயிறு அதிகம் நீள்வதும் தரை மிக அருகில் இருப்பதும் ஒரே இடத்தில்தான். லேன்யார்டு (ஆளின் பெல்ட்டைக் கிராப்போடு இணைக்கிற குட்டைக் கயிறு) நீளம், விழுகிற அதிர்ச்சியை வாங்குகிற ஷாக் அப்சார்பர் விரியும் நீளம், ஆளின் உயரம், குறைந்தது 1 மீட்டர் இடைவெளி எல்லாவற்றோடும் இதையும் கூட்டுங்கள்.

ஒரு முறை விழுந்த ஆளைத் தாங்கிய கயிறும், உறை கிழிந்து உள்கயிறு தெரிகிற கயிறும், ரசாயனம் பட்டதும் திரும்பத் தொங்கக் கூடாது. இப்படி ஏமாற்றி விற்றதை ஸ்டோரில் வைத்திருந்தால் ஒருநாள் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். புகாருக்காக லேபிளோடு 2 மீட்டர் மட்டும் எடுத்துவைத்து, மிச்சத்தை முழ நீளத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள்.