ஜன்னல் இடுக்கை அடைக்க ஃபோம் டேப்பா, சிலிக்கானா?

மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஏசி போட்டதும் பலருக்கும் வரும் குழப்பம் இது. முதலில் ஊதுபத்தியை இடுக்கருகே பிடியுங்கள்; புகை ஆடினால் அங்கேதான் காற்று கசிகிறது.

செலவு: டேப் (பஞ்சு போன்ற ஒட்டும் பட்டை) மலிவு. சிலிக்கானுக்கு (இடுக்கில் பிதுக்கிக் காயவிடும் பசை) டியூபோடு அதை அழுத்திப் பிதுக்கும் துப்பாக்கி போன்ற கருவியும் வேண்டும்.
ஆயுள்: டேப் ஓரிரு வருடத்தில் அமுங்கிப்போகும். சிலிக்கான் பல வருடம் தாங்கும்.
வேலை: டேப்பைத் தூசி துடைத்து ஒட்டினால் போதும். சிலிக்கான் காய ஒரு நாள் ஆகும்; மேலே பெயிண்டும் ஒட்டாது.

நம்மூர் மரக்கதவு ஐப்பசி மழையில் ஊறி உப்பும், சித்திரையில் சுருங்கும். அதனால் திறந்து மூடும் இடத்துக்கு டேப்தான் சரி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அசையாத விரிசலுக்குச் சிலிக்கான். எங்கள் வீட்டில் இரண்டுமே தேவைப்பட்டன. அப்புறம், கேஸ் அடுப்பு உள்ள அறையின் வென்டிலேட்டரை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள்.