மூன்று டைல் அகலக் கட்டில்: வீடு விற்கும்போது விர்ச்சுவல் ஸ்டேஜிங், நிஜ ஸ்டேஜிங்

காலி வீட்டின் போட்டோவில் கணினியில் சோபாவும் கட்டிலும் பொருத்திக் காட்டுவது விர்ச்சுவல் ஸ்டேஜிங். நிஜச் சாமானையே கொண்டுவந்து வைத்துக் காட்டுவது நிஜ ஸ்டேஜிங். ஒரு படத்துக்கு 20, 30 டாலர் வாங்கிக்கொண்டு, ஆள் உட்கார்ந்து படத்தில் சாமான் பொருத்தி அனுப்பிய காலம் போய்விட்டது. அதே வேலையை ஏஐ செயலிகள் நூறு ரூபாய்க்கும் கீழே, ஒரு நிமிஷத்துக்குள் முடித்துத் தருகின்றன. விலை இறங்கியதிலிருந்து ரீசேல் ஃபிளாட் விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இனி எதற்கு நிஜ சோபாவை வாடகைக்கு எடுக்க வேண்டும்? சென்னையில் காலி ஃபிளாட்களுக்கு இரண்டு முறையையும் நெடுநாள் பயன்படுத்திய பழக்கத்தில் பதில் சொல்கிறேன். ஸ்டேஜிங் பற்றிய அடிப்படைப் பாடம் இதற்கு மேல் கிடையாது.

முதலில் நியாயமாகப் பேசிவிடலாம். உரிமையாளர் நியூஜெர்சியில் இருக்கிறார், வாங்க நினைப்பவர் துபாயில் இருக்கிறார், வீடு மட்டும் சென்னை ஓஎம்ஆர் சாலையில் பூட்டிக் கிடக்கிறது என்றால் விர்ச்சுவல்தான் சரி. காலி அறையைப் போட்டோவில் பார்த்தால் ஹால் எது, டைனிங் எது என்றே புரியாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நடுவில் தொங்கும் ஒயர். அதில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் வந்த உடனே அறைக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. எல் வடிவ ஹால் உள்ள பழைய ஃபிளாட்களில் இதன் பலன் இன்னும் அதிகம். வாட்ஸப்பில் படம் போன பிறகு வரும் விசாரிப்புகள் கூடுவது உண்மை.

படம் எடுப்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. போனில் 0.5 என்ற அகலக் கோண லென்ஸ் வேண்டாம். அது காட்சியை அளவுக்கு மீறி விரிக்கிறது, ஓரத்தில் இருக்கும் எதையும் இழுத்துவிடும். 1எக்ஸிலேயே, வாசல் மூலையில் முதுகை ஒட்டி நின்று, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். சுவரின் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்க வேண்டும். போனைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சுவர் சாயும், பிறகு எந்தச் செயலி போடும் சோபாவும் மிதப்பது போலத்தான் தெரியும். ஒரே அறையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டையும் 3000 கெல்வின் மஞ்சள் பல்பையும் சேர்த்து எரியவிடாதீர்கள். ஒன்று, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

சென்னை ஃபிளாட்களில் தரை பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்தான். அதாவது தரையே ஒரு அளவுகோல். பத்துக்குப் பத்து பெட்ரூம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஐந்து டைல். கிங் சைஸ் மெத்தை 72 அங்குலம் அகலம், 78 நீளம். டைல் கணக்கில் சரியாக மூன்று அகலம், மூன்றேகால் நீளம். குவீன் சைஸ் 60 அங்குலம், இரண்டரை டைல். இப்போது செயலி தந்த படத்தை எடுத்து, கட்டிலுக்கு முன்னால் தெரியும் டைல் கோடுகளை எண்ணுங்கள். ‘கிங்’ என்று நம்பவைக்கும் அந்தக் கட்டில் பல படங்களில் இரண்டு டைலில் அடங்கிவிடும். 48 அங்குலம்! இருவர் படுத்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் சைடு டேபிள், அதன் மேல் விளக்கு, மூலையில் ஒரு சாய்வு நாற்காலி வேறு.

நிஜக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120 அங்குலத்தில் கட்டில் 72, வார்ட்ரோப் ஆழம் 24. மிச்சம் 24, பக்கத்துக்கு 12. வார்ட்ரோப் கதவு திறக்கவே 18 அங்குலமாவது வேண்டும். கட்டிலை நடுவில் விட்டு, பக்கத்தில் வார்ட்ரோப் வைத்தால், ஸ்லைடிங் கதவு இல்லாமல் அந்த அறையில் கிங் கட்டில் நடக்காது. படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர் கையில் டேப் எடுத்து வருவதில்லைதான். ஆனால் உள்ளே நுழைந்த உடனே ‘படத்தில் பெரிசா இருந்துச்சே’ என்பார். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் விலைக் குறைப்புதான்.

ஏன் இப்படி நடக்கிறது? ஏஐ செயலிக்கு அறையின் அளவு தெரியாது. படம் பார்க்க அழகாக அமைய வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. பழைய முறையில் ஆள் செய்யும்போது 3டி மென்பொருளில் கேமரா கோணத்தைப் பொருத்தி, நிஜ அளவுள்ள கட்டிலை வைப்பார்கள். அறையின் நீள அகலத்தை எழுதிக் கொடுத்தால் சரியாக வரும். விலை இறங்கியபோது முதலில் போனது இந்த அளவு ஒழுக்கம்தான். ‘குவீன் சைஸ் போடு’, ‘60 அங்குலம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் பலன் நிச்சயமில்லை. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: கட்டிலுக்கு அடியில் பெரிய கம்பளம் விரித்துவிடும். கம்பளம் வந்தால் டைல் கோடு மறைந்தது, எண்ணவும் வழியில்லை. வேளச்சேரி வெயிலில் எவர் வீட்டில் அறைக்கு அறை கம்பளம் போடுகிறார்கள்?

மற்ற குறைகள் சில்லறை என்றாலும் சேர்ந்தால் பெரிசு. சீலிங் ஃபேனை அழித்துவிடும். சுவிட்ச் போர்டு, ஏசி பாயின்ட், லாஃப்ட் இவையெல்லாம் அதற்குக் குப்பை. பால்கனிக் கதவை அடைத்து சோபா போடும். ஒரே ஹாலை இரண்டு கோணத்தில் கொடுத்தால் இரண்டு வேறு சோபா வரும். கூரையில் குறுக்கே போகும் பீமை அழித்துவிட்டால் அது அழகுபடுத்தல் கணக்கில் வராது, வாங்குபவரை ஏமாற்றும் கணக்கில்தான் வரும். நகர்த்தக்கூடிய பொருளைச் சேர்க்கலாம். சுவர், தரை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி எதையும் தொடக் கூடாது. படத்தின் மூலையில் ‘மாதிரிப் படம்’ என்று எழுதி, காலி அறைப் படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்: வீட்டு விளம்பரப் படத்தில் சாமான் சேர்த்தாலோ நீக்கினாலோ அதைச் சொல்ல வேண்டும், அசல் படத்தையும் பார்க்க வழி தர வேண்டும். நம் ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 12ஆம் பிரிவு புரோமோட்டரின், அதாவது வீடு கட்டி விற்பவரின், விளம்பரத்தையும் அவர் காட்டும் மாடல் ஃபிளாட்டையும்தான் பிடிக்கும். ரீசேல் உரிமையாளரிடம் அது போகாது.

நிஜ ஸ்டேஜிங்கைப் புகழ்ந்துவிடவும் மனசில்லை. சாமான் வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் குறைந்தது மூன்று மாதம், அதற்கு மேல் டெபாசிட். ஸ்பிரிங் மெத்தை மடங்காது, ஆறு பேர் லிஃப்டில் நுழையாது, படிக்கட்டில் தூக்க ஆள்கூலி தனி. பல அசோசியேஷன்கள் ஞாயிறு அன்று சாமான் ஏற்ற விடுவதில்லை, ஏற்றும் நாளில் கட்டணமும் உண்டு. மாடல் ஃபிளாட் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: நிஜப் பொருளாலும் பொய் சொல்லலாம். ஆறடிக்கும் குட்டையான கட்டிலைச் செய்து வைத்து, அறைக் கதவுகளைக் கழற்றிவிட்டால் எந்த அறையும் விசாலம்தான்.

ஆனால் படம் தொட முடியாத இரண்டு விஷயத்தில் நேரடி வேலைக்கு மாற்றே இல்லை. ஒன்று வாடை. பூட்டிய வீட்டில் பாத்ரூம் நானி ட்ராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் துளைக்குக் கீழே இருக்கும் கிண்ணம்) நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் தண்ணீர் வெயிலில் வற்றிவிடும், சாக்கடைக் காற்று நேரே மேலே வரும். ஆள் வருவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தடுக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். இரண்டாவது ஓதம். பாத்ரூமை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் அவசரமாக எமல்ஷன் பெயின்ட் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளும். நீர்க்கசிவை முதலில் அடைத்து, சுரண்டி, சுவர் காய்ந்த பிறகே பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். விற்பனை அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

செலவு, வேகம், தூரத்து வாடிக்கையாளர் என்று எந்தக் கணக்குப் பார்த்தாலும் விர்ச்சுவல் முன்னால் நிற்கிறது. இருந்தும் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், கட்டில் கோபம் அப்படி. ஹாலுக்கும் டைனிங்குக்கும் விர்ச்சுவல் போதும், பெட்ரூமுக்கு வேண்டாம். அங்கே பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பை வாங்கி, குவீன் கட்டிலின் 60க்கு 78 அங்குலத்தைத் தரையில் கட்டமாக ஒட்டுங்கள். வார்ட்ரோப்புக்கு இன்னொரு கட்டம். வாங்குபவர் சுற்றி நடந்து பார்த்துக்கொள்வார், உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார். வெயில் விழும் இடத்தில் மட்டும் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், பசை டைலில் பிடித்துக்கொண்டால் தின்னர் வைத்துத்தான் துடைக்க வேண்டும்.