நிலவுக்குப் போனதா, வரிசையில் நிற்க வைப்பதா: ஸ்பீட்மாஸ்டரும் டேடோனாவும்

சுவிஸ் வாட்ச் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் ‘ரோலெக்ஸா, ஒமேகாவா’ என்பதில் வந்து நிற்கும். அப்படிப் பொதுவாகக் கேட்டால் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. கேள்வியைக் கொஞ்சம் குறுக்கி, ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா, ரோலெக்ஸ் டேடோனாவா என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

இரண்டும் குரோனோகிராஃப். நேரம் காட்டும், வேண்டும்போது ஸ்டாப்வாட்சாகவும் ஓடும். இரண்டும் கார் பந்தயக்காரர்களை மனதில் வைத்து வந்தவை: ஸ்பீட்மாஸ்டர் 1957இல், டேடோனா 1963இல். வேகத்தைக் கணக்கிட உதவும் டேக்கிமீட்டர் அளவுகோலை டயலிலிருந்து எடுத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்துக்குக் கொண்டுபோனது ஸ்பீட்மாஸ்டர். ஆறு வருஷம் கழித்து டேடோனாவும் அதே வழியில் வந்தது.

பரம்பரை விஷயத்தில் ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவார்கள். உண்மையில் சண்டைக்கு அங்கே இடமே இல்லை. ரிப்பேர் கடைக்காரர்கள் ‘மெஷின்’ என்று சொல்கிறார்களே, அந்த உள்பாகம் தொடக்கத்தில் இரண்டிலுமே சொந்தச் சரக்கு கிடையாது. ஸ்பீட்மாஸ்டரின் 321 மெஷின் லெமானியா என்ற கம்பெனி வடிவமைத்தது. டேடோனாவுக்குள் ஓடியது வால்ஜூ என்ற கம்பெனியின் 72. லெமானியா, ஒமேகா இருந்த அதே குழுமத்தில் 1932இல் சேர்ந்ததால் பங்காளி வீட்டுச் சரக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். லெமானியா இருந்தது லோரியான் கிராமத்தில். வால்ஜூ இருந்தது லே பியூ கிராமத்தில். இரண்டுமே ஜூரா மலையில், பனிக்காலம் நீண்டு கிடக்கும் ஜூ பள்ளத்தாக்கில், ஒரே ஏரியை ஒட்டியவை. வால்ஜூ என்ற பெயரே ‘வாலே த ஜூ’ என்பதன் சுருக்கம்தான். மாடு மேய்க்கவோ உழவோ முடியாத மாதங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்சக்கரம் அராவிய குடும்பங்களின் ஊர் அது. உலகின் பெரிய வாட்ச் போட்டி ஒன்றின் இரண்டு இதயங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தவை.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒமேகாவின் தலைமையகம் பீல் நகரத்தில். ரோலெக்ஸின் முகவரி ஜெனீவா என்றாலும் அதன் மெஷின்கள் உருவாவது அதே பீலில்.

இந்த இரண்டு வீடுகளும் நேருக்கு நேர் மோதிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1964இல் நாசா, விண்வெளி வீரர்களுக்குக் கைக்கடிகாரம் வேண்டும் என்று பல கம்பெனிகளிடம் கேட்டது. கடைசியில் சோதனைக்கு நின்றவை மூன்று: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், லாஞ்சின்ஸ்-விட்னாவர், அப்புறம் ரோலெக்ஸ் (டேடோனாவுக்கு முந்தைய மாடல்). 93 டிகிரி வரை சூடு, உறைய வைக்கும் குளிர், வெற்றிடம், ஈரப்பதம், 40 ஜி (புவியீர்ப்பைப் போல 40 மடங்கு) அதிர்ச்சி என்று சித்திரவதை. ரோலெக்ஸ் ஈரப்பதச் சோதனையில் ஓடாமல் நின்றுபோனது. சூட்டில் அதன் விநாடி முள் வளைந்து மற்ற முட்களில் சிக்கிக்கொண்டது. லாஞ்சின்ஸின் கண்ணாடி நெளிந்து கழன்றது. ஸ்பீட்மாஸ்டரும் அலுங்காமல் வரவில்லை, ஒரு சோதனையில் 21 நிமிஷம் முந்தி ஓடியது. ஆனாலும் ஓடியது. 1965 மார்ச்சில் நாசா அதற்குச் சான்றளித்தது.

இதில் சிரிப்பு என்னவென்றால், ரோலெக்ஸ் தன் வாட்சுக்கு வைத்த முழுப் பெயர் காஸ்மோகிராஃப் டேடோனா. காஸ்மோஸை, அதாவது விண்வெளியை, பெயரில் வைத்துக்கொண்டது ஒன்று, அங்கே போனது இன்னொன்று.

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் தன் ஸ்பீட்மாஸ்டரை நிலவுக்கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார். கலத்தின் நேரமானி பழுதாகிவிட்டதால் அதற்கு மாற்றாக. ஆகவே நிலவைத் தொட்ட முதல் வாட்ச் ஆல்ட்ரின் கையில் இருந்தது. அது பின்னால் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் காணாமல் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. 1970இல் அப்போலோ 13இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைத்திருந்த நேரத்தில், 14 விநாடி எஞ்சின் எரியூட்டலை விண்வெளி வீரர் ஸ்விகெர்ட் அளந்தது மணிக்கட்டில் இருந்த ஸ்பீட்மாஸ்டரை வைத்து. ஒமேகா விளம்பரம் சொல்லாத பக்கமும் உண்டு: அப்போலோ 15இல் டேவ் ஸ்காட் நிலவில் நடந்தபோது அவருடைய ஒமேகாவின் கண்ணாடி கழன்று போனது. அடுத்த நடைக்கு அவர் கட்டியது புலோவா.

டேடோனாவின் புகழ் வேறு வழியில் வந்தது. எழுபதுகளில் அது கடைகளில் தூங்கிய சரக்கு. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்சை, தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வந்துவிட்ட காலத்தில் யார் வாங்குவார்கள்? அதிலும் எண்கள் கொஞ்சம் கோமாளித்தனமாக, முனையில் குட்டிச் சதுரங்களோடு இருந்த டயலை யாரும் சீண்டவில்லை. நடிகரும் பந்தய வீரருமான பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அப்படி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பின்மூடியில் ‘பார்த்து ஓட்டுங்கள், நான்’ என்ற பொருளில் பொறித்துக் கொடுத்தார். மனுஷர் அதைப் பல வருஷம் கட்டிவிட்டு, 1984இல் மகளின் அப்போதைய காதலனுக்குச் சும்மா கழற்றிக் கொடுத்தார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அதன் விலை 1 கோடியே 77 லட்சம் டாலர்.

ஏலக் கதைகளை நான் பாதிதான் நம்புவேன். 2021இல் ஒரு 1957 ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவே. வேறு வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023இல் ஒமேகாவே சொன்னது.

டேடோனாவை நிஜமாகவே மாற்றிய மனிதர் ரோலெக்ஸில் வேலை பார்த்தவர் அல்ல. 1969 கடைசியில் ஜப்பானின் சீகோ கம்பெனியுடைய, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது. அதன்பின் பதினைந்து வருஷத்தில் சுவிஸ் வாட்ச் வேலைகள் ஏறக்குறைய 90,000இலிருந்து 30,000 பக்கம் சரிந்தன. லு லோக்ல் ஊரில் ஜெனித் கம்பெனி 1969இலேயே எல் ப்ரிமேரோ என்ற ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் மெஷினைச் செய்திருந்தது. 1975இல், சிகாகோவில் இருந்த அதன் முதலாளிகள் இயந்திர வாட்ச் தயாரிப்பையே நிறுத்தச் சொன்னார்கள். சார்லஸ் வெர்மோ என்ற தொழில்நுட்பர் அச்சுகளையும் கருவிகளையும் குறிப்புகளையும் ஆலையின் பரணில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். உத்தரவை மீறித்தான் செய்தார். எண்பதுகளில் மெஷின் மறுபடி தேவைப்பட்டபோது எல்லாம் பரணிலிருந்து இறங்கியது. 1988இல் ஆட்டோமேட்டிக்காக வந்த டேடோனாவுக்குள் ரோலெக்ஸ் திருத்திப் போட்டது அந்த எல் ப்ரிமேரோவைத்தான். உள்ளே ஆடும் சக்கரத்தின் மணிக்கு 36,000 அலைவு என்ற வேகத்தை 28,800 ஆகக் குறைத்து, தேதியையும் எடுத்துவிட்டார்கள். கடை வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றது அதன்பிறகுதான். சொந்த மெஷின் 2000இல் வந்தது.

சரி, கையில் கட்டிப் பார்த்தால்?

தயக்கமில்லாமல் சொல்கிறேன், பொறியியலில் டேடோனா மேல். ஸ்பீட்மாஸ்டரில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டால் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்றைக் கவ்வும். பல் சரியாகப் பொருந்தாத தருணத்தில் விநாடி முள் லேசாகத் துள்ளும். டேடோனாவில் கிளட்ச் மேலிருந்து அமுக்கிப் பிடிப்பதால் முள் வழுக்கிக்கொண்டு கிளம்பும். முழுச் சாவியில் டேடோனா 72 மணி நேரம் ஓடும், ஸ்பீட்மாஸ்டர் 50. தண்ணீர் தாங்குவது டேடோனா 100 மீட்டர், ஸ்பீட்மாஸ்டர் 50. டேடோனா நாளொன்றுக்கு 2 விநாடி முன்பின்னாக ஓடும் என்று ரோலெக்ஸ் சொல்கிறது. ஸ்பீட்மாஸ்டர் 5 விநாடி வரை முந்தலாம். காந்தத்தில் மட்டும் ஒமேகா கெட்டி, 15,000 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை அசையாது. (சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இரண்டையும்விடச் சரியாக நேரம் காட்டும் என்பது தெரிந்ததே, அந்தக் கணக்கைப் பார்ப்பவர் இந்தப் பக்கம் வர மாட்டார்.)

ஆனால் பயன்படுத்திப் பாருங்கள். டேடோனாவின் பொத்தான்களில் தண்ணீர் புகாமலிருக்கத் திருகு இருக்கிறது. முட்டை வேகும் நேரத்தை அளக்க வேண்டுமென்றாலும் முதலில் இரண்டு திருகுகளையும் கழற்ற வேண்டும், முடிந்ததும் மறக்காமல் பூட்ட வேண்டும். ஸ்பீட்மாஸ்டரில் அழுத்தினால் ஓடும், அவ்வளவுதான். ஸ்டாப்வாட்ச் வாட்சை ஸ்டாப்வாட்சாக வைத்துக்கொள்ள விடுவது அதுதான்.

விலை: கம்பெனிப் பட்டியலில் ஸ்டீல் டேடோனா ஸ்பீட்மாஸ்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலைக்கும் கிடைக்காது. வெளிச்சந்தையில் பட்டியல் விலைக்கு மேலே கொடுக்க வேண்டும். ஸ்பீட்மாஸ்டரோ ஒருமுறை கைமாறினாலே பட்டியலுக்குக் கீழே இறங்கிவிடும். முதலீடு என்று பார்ப்பவருக்கு அது குறை. வாங்கிக் கட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஒரு பெரிய கடையில் இரண்டையும் ஒரே மாலையில் பார்த்தேன். டேடோனா கண்ணாடிப் பெட்டிக்குள், பக்கத்தில் ‘பார்வைக்கு மட்டும்’ என்ற அட்டையோடு இருந்தது. விசாரித்தபோது விற்பனையாளர் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, இதற்கு முன் எங்களிடம் என்ன வாங்கியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார். அந்த அழைப்பு வரவில்லை, வரப்போவதுமில்லை.

ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக் கையிலேயே கொடுத்தார்கள். ஹெசலைட் மாடல், அதாவது நிலவுக்குப் போனதைப் போலவே பிளாஸ்டிக் கண்ணாடி. எளிதில் கீறும், ஆனால் சில்லு சில்லாக உடையாது. பாலிஷ் பேஸ்டைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும். நின்றுபோயிருந்த வாட்சுக்கு நானே சாவி கொடுத்தேன். பத்துச் சுற்றுக்குள் விநாடி முள் நகர்ந்தது. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் விற்பனையாளர். கண்ணாடியின் நடு மையத்தில், முட்களின் அச்சுக்கு நேர் மேலே, கடுகைவிடச் சிறிதாக ஒமேகா குறி பொறித்திருந்தது. நேராகப் பார்த்தபோது மறைந்துவிட்டது. தேடித் தேடி மறுபடி சாய்த்துக்கொண்டே நின்றேன், பின்னால் ஆள் காத்திருப்பது தெரியாமல்.