இழுத்துப் பேசினதையும் இழுத்தபடியே அடித்துத் தரும் டைப்பிங் கடை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு அக்கா பேச்சுப் பதிவைக் கேட்டு டைப்பிங் செய்து தருகிறார். பேச்சை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் ஆடியோவை நம்பி அவரிடம் கொடுங்கள்.

என் ஆய்வு பிராக்மாடிக்ஸில். யாரிடம் எதை எப்படிக் கேட்கிறோம், எப்படி மறுக்கிறோம் என்பதுதான் விஷயம். ஒரு சூழலைச் சொல்லி, "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கோடு விட்டு நிரப்பச் சொல்லும் படிவம்தான் இதற்கு வழக்கமான கருவி. 1980களில் பல மொழிகளின் வேண்டுகோள்களையும் மன்னிப்புகளையும் ஒப்பிட்ட மொழியியலாளர்கள் புளும்-குல்கா, ஹவுஸ், காஸ்பர் குழுவும் இந்த வகைப் படிவத்தைத்தான் பயன்படுத்தியது. நானும் வீட்டில் உட்கார்ந்து சூழல்களை யோசித்து எழுதி, கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். லீவு கேட்கும் இடத்தில் முக்கால்வாசிப் பேர் "ஐயா, எனக்கு நாளை விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதித் தந்தார்கள். இது லீவ் லெட்டர், பேச்சே இல்லை.

அப்புறம்தான் அனுமதி வாங்கிக்கொண்டு நிஜப் பேச்சைப் பதிவு செய்தேன். கல்லூரி வராந்தா, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ஒரு மாங்காய் மண்டி, எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். முதலில் வேறு ஊரில் ஒரு இடத்தில் கொடுத்தேன். அவர்கள் 'வந்து', 'சார்', 'ம்ம்' எல்லாவற்றையும் களை பறிக்கிற மாதிரி பிடுங்கிவிட்டு, மீதியைப் பாடப்புத்தகத் தமிழாக்கித் தந்தார்கள். பணம் போனது போகட்டும், ஒரு மாதம் போச்சு.

இந்த அக்கா ஆடியோவைக் கொஞ்சம் கேட்டுவிட்டு முதலில் கேட்டதே, "இழுக்கிறதையும் அடிக்கணுமா?" என்றுதான். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. அவர் அடித்துத் தந்ததில் ஒரு துண்டு, ஒரு மாணவன் ஆசிரியரிடம் பேசுவது:

"சார்…"
"என்னப்பா?"
"நாளைக்கு எங்கூர்ல எருது விடறாங்க சார்."
(3 விநாடி)
"சரி, நாளன்னிக்கு வந்துடு."

லீவு என்ற சொல்லே இல்லை, பையன் எதையும் கேட்கவும் இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறான், அந்த 3 விநாடியில் லீவு கிடைத்துவிடுகிறது. முன்னும் பின்னும் வரும் இரண்டு 'சார்'தான் மரியாதை முழுவதையும் தாங்குகிறது. அந்த அடைப்புக்குறியை அவர் போடாமல் விட்டிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

படிவத்தை முழுக்க மாற்றினேன். சூழல் எல்லாம் பதிவிலிருந்து எடுத்தவை, கோடு இப்போது உரையாடலின் நடுவில் வருகிறது, "என்னப்பா?" அதற்கு மேலே, ஆசிரியரின் பதில் கீழே. இந்த முறை பிள்ளைகள் "ஊர்ல பண்டிக சார்" என்று எழுதினார்கள். மௌனத்தைக் கோட்டில் எழுத முடியாது, அதனால் இரண்டு சூழல்களை நடிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறேன். பணிவைப் பற்றி உலகமெல்லாம் படிக்கிற பிரவுன், லெவின்சன் கோட்பாடே (1978, 1987) கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழையும் வைத்து எழுந்தது. அப்படி இருக்க, நம் பேச்சை நாமே திருத்தி எழுதுவது எனக்குத் தாங்கவில்லை.

குறை என்றால் நேரம்தான், ஆறு மணி நேரப் பதிவுக்கு மூன்று வாரம் ஆனது. மண்டியில் தெலுங்கு கலந்து பேசிய இடங்களில் கோடு போட்டு விட்டிருந்தார், தெரியாததை ஊகித்து அடிக்காததே எனக்குப் பெரிது. பேசியவர்களின் பெயர் வரும் இடங்களை நீங்களே முதலில் வெட்டிவிட்டு, பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது.