விமான நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு: அபராதத் தொகையை வைத்து ஒப்பிடலாமா?

எந்த விமான நிறுவனத்தின் இணையப் பாதுகாப்பு மோசம் என்று பேச்சு வந்தால் உடனே இரண்டு எண்களைக் கேட்பார்கள்: எத்தனை பேரின் தகவல் போனது, எவ்வளவு அபராதம் கட்டினார்கள். இந்த இரண்டையும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

பிரிட்டிஷ் ஏர்வேஸையும் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கையும் பாருங்கள். இரண்டு கசிவுகளும் 2018-ல் வெளியே வந்தன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது, கேத்தேக்கு 5 லட்சம் பவுண்டு. நாற்பது மடங்கு வித்தியாசம். அதற்காகக் கேத்தே அவ்வளவு பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. அங்கே ஊடுருவல் 2014 அக்டோபரில் தொடங்கி 2018 மே வரை இழுத்தது. அது பிரிட்டனின் பழைய தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. அந்தச் சட்டத்தில் உச்சவரம்பே 5 லட்சம்தான். அதாவது போடக்கூடிய முழுத் தொகையையும் போட்டார்கள். பேக்கப் கோப்புகளுக்குப் பாஸ்வேர்டு இல்லை, இணையத்தைப் பார்த்து நின்ற சர்வருக்குப் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போடவில்லை. போனது உலகம் முழுக்க 94 லட்சம் பயணிகளின் விவரம்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விஷயம் வேறு மாதிரி. வெளி ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்குக் கொடுத்திருந்த லாகின் வழியாக உள்ளே வந்தார்கள். அந்த லாகினுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. உள்ளே நிர்வாகி பாஸ்வேர்டு ஒன்று மறையாக்கம் செய்யப்படாமல் அப்படியே கிடந்தது. அப்புறம் இணையதளத்தை இயக்கும் ஒரு ஸ்கிரிப்டில் (சிறு நிரல்) 22 வரி சேர்த்தார்கள். பயணி கார்டு எண்ணைத் தட்டித் தட்டி முடித்ததும் அது ‘பிஏவேஸ்’ என்ற போலி முகவரிக்குப் போனது. ஜூன் 22-ல் நுழைந்தவர்களைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிந்தது செப்டம்பர் 5-ல், அதுவும் வெளியாள் ஒருவர் சொல்லித்தான். என்னைப் பொறுத்தவரை, அபராதத் தொகையைவிட இந்த இடைவெளிதான் ஒப்பிட வேண்டிய எண். எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது? யார் கண்டுபிடித்தார்கள்?

அடுத்தது ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும். 2021-ல், விமான நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனத்தின் பயணிகள் சேவை அமைப்பில் நடந்த ஒரே தாக்குதல் இரண்டையும் தொட்டது. ஏர் இந்தியா அந்த அமைப்பையே பயன்படுத்தியதால் 45 லட்சம் பேரின் பாஸ்போர்ட், டிக்கெட், கார்டு விவரங்கள் வரை போயின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த அமைப்பின் வாடிக்கையாளரே இல்லை. ஆனாலும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணிக்காகப் பகிர்ந்த, அடிக்கடி பறப்பவர்களுக்கான சலுகைத் திட்டத்தின் உறுப்பினர் எண், தகுதி நிலை, சிலரின் பெயர் என்று சுமார் 5.8 லட்சம் பேரின் விவரம் அங்கே இருந்தது. குறைவான தகவலைப் பகிர்ந்ததால் சேதமும் குறைந்தது. இது பாராட்ட வேண்டிய விஷயம். யாரோடு ஒப்பந்தம் என்பது மட்டும் போதாது, அவர்களிடம் எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனங்களை வெளியிலிருந்து ஸ்கேன் செய்து மதிப்பெண் தரும் சேவைகளால் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

விமான நிலையங்களுக்கும் இதே கதைதான். 2025 செப்டம்பரில், பல விமான நிலையங்கள் பயன்படுத்தும் காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் செக்-இன் மென்பொருளில் ரான்சம்வேர் (கணினியை முடக்கிப் பணம் கேட்கும் நிரல்) புகுந்தபோது ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் எல்லாம் ஒன்றாக அடிபட்டன.

இவ்வளவும் திருட்டும் நுழைவும். ஆனால் நிற்காமல் பறப்பதே தொழில் என்னும் துறையில், மீண்டு வர எத்தனை நாளாகும் என்பதற்கு நான் இன்னும் கூடுதல் எடை தருவேன். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது தாக்குதல் இல்லை, சரி. ஆனால் தாக்குதல் வந்தால் யார் எப்படி நிற்பார்கள் என்பதை அப்படியே காட்டியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விரைவில் சமாளித்துக்கொண்டது. டெல்டா ஐந்து நாளில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. இழப்பு 50 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. கணினிகள் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும், எந்த விமானி, எந்தப் பணிக்குழு எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பின்தொடரும் அவர்களுடைய மென்பொருளால் குவிந்துவிட்ட மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விமானம் தயாராக நின்றது, ஓட்ட ஆள் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது அந்தப் பணிக்குழு மென்பொருளுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்பதைத்தான்.